எக்செல் ஷீட்டிலிருந்து டேட்டாபேஸுக்கு: தடகளப் பதிவுகளை இடம் மாற்றுவது எப்படி

2022 குறுவட்டப் போட்டி அன்று மைதானத்திலிருந்து எங்கள் பி.டி. சார் போன் செய்தார். "தம்பி, பதினேழு வயசுப் பொண்ணுங்க 400 மீட்டர்ல நம்ம வட்டத்து ரெக்கார்டு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுப்பா, இப்ப ஓடப் போறாங்க, மைக்ல சொல்லணும்." என்னிடம் 2011 முதல் 2019 வரை ஒன்பது எக்செல் கோப்புகள் இருந்தன. அவசர அவசரமாக எல்லா 400 மீட்டர் நேரங்களையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, கீழே இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தேடித் தரும் 'மின்' ஃபார்முலா போட்டேன். 1:04.2 என்று வந்தது. சொன்னேன். அன்று ஜெயித்த பெண் 1:03.8-ல் முடித்தாள், மைக்கில் "புதிய சாதனை" என்று அறிவித்தார்கள், கைதட்டல், சால்வை எல்லாம் ஆனது. அரை மணி நேரம் கழித்து தங்கையின் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பழைய மாணவி சாரிடம் வந்து, "சார், நான் 2015-ல 62.9 ஓடினேனே, சர்டிபிகேட் வீட்ல இருக்கு" என்றாள்.

கோப்பில் அவள் பெயரும் இருந்தது, 62.9-உம் இருந்தது. பின்னே மின் ஃபார்முலா ஏன் அதை எடுக்கவில்லை? 2015-ல் டைப் செய்தவர் 62.9 என்று சாதாரண எண்ணாக அடித்திருந்தார். இன்னொரு வருடம் வேறொருவர் 1:04.2 என்று அடித்திருந்தார். எக்செல் அதை நேரம் என்று புரிந்துகொண்டு, ஒரு நாளின் பின்னமாக, அதாவது 64.2-ஐ 86,400-ஆல் வகுத்து 0.000743 என்று உள்ளே வைத்துக்கொண்டது. 62.9-ஐ விட 0.000743 சின்னது இல்லையா? எக்செல் மேல் தப்பே இல்லை. ஒரே பத்தியில் நொடியும் நாளும் கலந்து கிடந்ததை ஒன்பது வருடமாக யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே எல்லாவற்றையும் ஒரு டேட்டாபேஸுக்கு மாற்ற உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது. நான் தடுமாறிய இடங்களையும் சேர்த்தே வரிசையாக எழுதுகிறேன். ஷீட்டில் மேலிருந்து கீழாகப் போகும் கட்ட வரிசையை ஆங்கிலத்தில் 'காலம்' என்பார்கள், அதை அப்படியே தமிழில் எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள் என்பதால், இந்தக் கட்டுரை முழுக்கப் பத்தி என்றே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது வேண்டுமா?

வருடத்துக்கு ஒரே ஒரு பள்ளி விளையாட்டு விழா நடத்துகிறீர்கள், முடிந்ததும் பரிசு கொடுத்துவிட்டு மறந்துவிடுவீர்கள் என்றால் எக்செலே போதும். பல வருடப் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், ஒரே பிள்ளை மூன்று நான்கு வருடம் எப்படி முன்னேறினாள் என்று பார்க்க வேண்டும், சாதனைப் பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்றால்தான் இந்த வேலை. இடம் பற்றாத பிரச்சினை இது கிடையாது. இப்போதைய எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள் இருக்கின்றன, எங்கள் ஒன்பது வருடப் பதிவு எல்லாம் சேர்த்தும் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஒரே விஷயம் பத்து இடத்தில் பத்து விதமாக எழுதப்பட்டிருப்பதுதான் பிரச்சினை. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தகவலை ஒன்றோடொன்று இணையும் அட்டவணைகளாக (டேபிள்களாக) வைக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்த கட்டுரையில் கவலைப்பட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. ஒரே தகவல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டால் என்றாவது ஒரு நாள் அவை ஒன்றுக்கொன்று முரண்படும்.

மூலக் கோப்புகளைப் பூட்டி வையுங்கள்

எல்லாக் கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ரீட் ஒன்லி ஆக்கி, இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் வைத்துவிடுங்கள். வேலை எல்லாம் பிரதியில்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் புதுசு 2' என்று மூன்று கோப்புகள் இருந்தால் மூன்றையும் வையுங்கள், எது கடைசி என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். எங்கள் 2014-ல் 'புதுசு 2' என்று பெயரிட்ட கோப்புதான் பழையது.

ஒரு வரி என்பது என்ன?

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நான் இதைச் செய்யாமல் முதல் மூன்று வாரத்தை வீணாக்கினேன். எங்கள் ஷீட்டுகளில் சில வருடம் ஒரு வரி என்பது ஒரு மாணவர். பெயர், பள்ளி, அப்புறம் 100, 200, நீளம் தாண்டுதல் என்று பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். வேறு சில வருடம் ஒரு வரி என்பது ஒரு போட்டி, அதில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மூன்று கட்டங்கள். ஒரு வருடம் ஒரு வரி என்பது ஒரு பள்ளி! மனிதக் கண் தலைப்பைப் பார்த்து இதையெல்லாம் சரிசெய்துகொள்ளும், டேட்டாபேஸுக்கு அந்தக் கண் கிடையாது.

தடகளத்துக்கு நான் கடைசியில் வந்து சேர்ந்த பதில் இதுதான்: ஒரு விளையாட்டாளர், ஒரு மீட்டில் (ஒரு விளையாட்டு விழாவில்), ஒரு போட்டியின் ஒரு சுற்றில் செய்தது என்னவோ அது ஒரு வரி. காலையில் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், ஓடியது ஒரு வரி, மாலையில் ஃபைனலில் ஓடியது இன்னொரு வரி. இதை முடிவு செய்ததும் மற்ற டேபிள்கள் தானாகவே வந்து விழும், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஒரு டேபிள்.

என் பட்டியல் இப்படி அமைந்தது:

பள்ளி: எண், பெயர், ஊர்
விளையாட்டாளர்: எண், பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, பாலினம், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறை மாணவருக்குத் தரும் எண்)
மீட்: எண், பெயர், தொடங்கிய தேதி, மைதானம், வயது கணக்கிடும் நாள்
போட்டி இனம்: எண், பெயர், ஓட்டமா களமா, குறைவு நல்லதா கூடுதல் நல்லதா
போட்டி: எண், மீட் எண், இன எண், வயதுப் பிரிவு, பாலினம், சுற்று, கருவியின் எடை
பதிவு: எண், மீட் எண், விளையாட்டாளர் எண், பள்ளி எண், செஸ்ட் நம்பர்
விளைவு: எண், போட்டி எண், பதிவு எண், அளவு, நிலை, இடம், காற்று, நேரம் எடுத்த முறை
முயற்சி: விளைவு எண், எத்தனையாவது, உயரம், அளவு, சரியா தவறா
தொடர் ஓட்ட அணி: விளைவு எண், பதிவு எண், எத்தனையாவது ஆள்

தொடர் ஓட்டத்தில் விளைவு ஓர் ஆளுக்குச் சொந்தமில்லை, பள்ளிக்குச் சொந்தம். அதனால் அணிக்கும் பதிவு டேபிளிலேயே விளையாட்டாளர் எண்ணைக் காலியாக விட்டு ஒரு வரி போட்டுவிட்டேன், நான்கு பேர் பெயரும் கடைசி டேபிளில் போகும்.

இதில் பலர் தவறவிடுவது பதிவு டேபிள். செஸ்ட் நம்பரையும் பள்ளியையும் விளையாட்டாளர் டேபிளிலேயே வைத்துவிட்டால் வேலை சுலபம் போலத் தெரியும். ஆனால் செஸ்ட் நம்பர் மீட்டுக்கு மீட் மாறும், பத்தாம் வகுப்பு முடித்துப் பிள்ளைகள் மேல்நிலைக்கு வேறு பள்ளிக்குப் போவார்கள். விளையாட்டாளர் டேபிளில் பள்ளியை மாற்றினால், அவர் எட்டாம் வகுப்பில் பழைய பள்ளிக்காக வாங்கிய பதக்கமும் புதிய பள்ளிக் கணக்குக்குப் போய்விடும்.

மாவட்டத்துக்கும் இதே கதைதான். தென்காசி 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதே மாதத்தில்தான் கள்ளக்குறிச்சியும் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் செங்கல்பட்டும் பிரிந்தன, 2020-ல் மயிலாடுதுறை. பள்ளி அதே இடத்தில்தான் இருக்கிறது, மாவட்டம் மாறிவிட்டது. பள்ளி டேபிளில் மாவட்டத்தை ஒரே ஒரு பத்தியாக வைத்து இன்று 'தென்காசி' என்று திருத்தினால், அந்தப் பள்ளி 2016-ல் திருநெல்வேலி வருவாய் மாவட்டப் போட்டியில் ஜெயித்ததெல்லாம் தென்காசி ஜெயித்ததாகிவிடும். அதனால் பள்ளி, மாவட்டம், எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று ஒரு தனி டேபிள் வைத்தேன்.

வயதையும் எழுதி வைக்காதீர்கள், பிறந்த தேதியை வையுங்கள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவுகளில் ஒரு பிள்ளை எதில் வருவாள் என்பது அந்த மீட்டின் கணக்கிடும் நாளைப் பொறுத்தது, அதை மீட் டேபிளில் ஒருமுறை எழுதினால் போதும்.

பெயரை அடையாளமாக நம்பாதீர்கள்

'எஸ். கார்த்திக்', 'கார்த்திக் எஸ்', 'கார்த்திக்.எஸ்', 'எஸ் கார்த்தி', 'கார்த்திக்' என்ற ஐந்தும் எங்கள் கோப்புகளில் ஒரே பையன். அதே சமயம் 'எம். முத்துலட்சுமி' என்ற ஒரே பெயர் இரண்டு வேறு பெண்கள், ஒரே வருடம், ஒரே பிரிவு. குடும்பப் பெயர் வைத்துப் பிரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை, இனிஷியலை யார் எங்கே வைப்பார்கள் என்று சொல்லவும் முடியாது. அதனால் ஒவ்வோர் ஆளுக்கும் அர்த்தமே இல்லாத ஓர் ஓடு எண் கொடுத்துவிடுங்கள், 1, 2, 3 என்று. பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் எண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பழைய கோப்புகளில் அது கிடையாது, கிடைத்தவற்றிலும் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கும். இருந்தால் தனிப் பத்தியில் வையுங்கள், இரண்டு பேருக்கு ஒரே எண் வரக் கூடாது என்று கட்டுப்பாடும் போடுங்கள், அடையாள எண்ணாக மட்டும் வேண்டாம். ஆதார் எண் கோப்பில் எங்காவது கிடந்தால் கொண்டுவராதீர்கள். ஓட்டப் பந்தயக் கணக்குக்கு அது எதற்கு?

முன்னெழுத்தைத் தனிப் பத்தியில் பிரித்து வைத்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பெயர், பள்ளி, பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மட்டும் ஒத்துப்போனால் 'சந்தேகம்' என்று ஒரு தனி டேபிளில் தள்ளினேன். கணினியே இணைக்கட்டும் என்று விடாதீர்கள். இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால் பிரிப்பது மிகவும் கடினம், ஒருவர் இரண்டு பேராக இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரம், தூரம், காற்று

நேரத்தை நூறில் ஒரு பங்கு நொடியில் முழு எண்ணாக வையுங்கள், தூரத்தைச் சென்டிமீட்டரில். 1:04.20 என்பது 6420, 5.87 மீட்டர் என்பது 587. திரையில் காட்டும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம். தசம எண்ணாக வைத்தால் என்ன குறை என்று கேட்பீர்கள். கணினி தசமங்களை இரும எண்ணில் தோராயமாகத்தான் வைக்கிறது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-தானா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, மூன்றாவது வந்த ருமேனிய வீராங்கனை 55.41. நூறில் ஒரு நொடியில் பதக்கம் போன விளையாட்டில் தோராயக் கணக்கு வைக்கலாமா?

அளவு பத்தியில் எண்ணைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. வராதவருக்கு 'ஆப்சென்ட்', 'ஏபி', '0', '-' என்று எங்கள் கோப்புகளில் நான்கு வகை இருந்தது. அதில் 0 ரொம்ப ஆபத்தானது, சுழிய நொடியில் 100 மீட்டர் ஓடியவர்கள் எங்கள் வட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். வராதவர், பாதியில் நின்றவர், தகுதி நீக்கம் ஆனவர், மூன்று முயற்சியும் ஃபவுல் ஆனவர் எல்லாரையும் நிலை என்ற பத்தியில் எழுதி, அளவைக் காலியாக விடுங்கள். டேட்டாபேஸில் காலி என்பதற்கு 'நல்' என்று தனிப் பெயர் உண்டு, மதிப்பே இல்லை என்று பொருள். மின், சராசரி போன்றவை அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காற்றுக்கும் அப்படியே. 100, 200, குறுந்தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் இடம் செல்லும், சாதனை செல்லாது. பள்ளி மைதானத்தில் காற்றுமானி யார் வைத்திருக்கிறார்கள்? அதனால் பெரும்பாலும் காலிதான். அளக்கவில்லை என்பதும் காற்றே இல்லை என்பதும் வேறு வேறு, 0 போட்டு நிரப்பாதீர்கள்.

நேரம் எடுத்த முறையையும் கட்டாயம் எழுதுங்கள். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தினால் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், 12.31 என்று கடிகாரம் காட்டினால் 12.4. மூன்று கடிகாரம் இருந்து மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளதை எடுப்பார்கள், இரண்டு மட்டும் இருந்தால் மெதுவானதை. ஃபோட்டோ ஃபினிஷில் 12.40 வந்தால் அது வேறு சங்கதி. துப்பாக்கிச் சத்தத்துக்கு மனிதன் விரல் அழுத்தும் தாமதமே கை நேரத்தை வேகமாகக் காட்டிவிடும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால் மாவட்ட மீட்டில் மின்னணு நேரத்தில் ஓடிய பிள்ளைகளுக்கு அநியாயம்.

கருவியின் எடையை ஏன் போட்டி டேபிளில் வைத்தேன் தெரியுமா? குண்டு எறிதலில் பெரிய ஆண்களுக்கு 7.26 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 6, 18-க்கு உட்பட்டோருக்கு 5. 'குண்டு எறிதல் சாதனை 14.20' என்றால் எந்தக் குண்டு? ஆண்கள் ஈட்டியில் 1984-ல் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார், 1986-ல் ஈட்டியின் எடைமையத்தை முன்னால் தள்ளி வடிவத்தை மாற்றிவிட்டு உலக சாதனையைப் புதிதாகத் தொடங்கினார்கள். கருவி மாறினால் கணக்கும் மாறும்.

எக்செலிலிருந்து வெளியே எடுப்பது

நேரம் தின்ற பகுதி இது. முதலில் நிறங்கள். மஞ்சள் அடித்தால் சாதனை, சிவப்பு அடித்தால் தகுதி நீக்கம் என்று சாருக்குத் தெரியும், ஆனால் டேட்டாபேஸில் ஏற்றுவதற்காகச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக, சேமித்தால் நிறம் எல்லாம் காணாமல் போய்விடும். பக்கத்தில் ஒரு புதுப் பத்தி போட்டு நிறத்தை வார்த்தையாக எழுதிவிட்டு அப்புறம் எடுங்கள். மெர்ஜ் செய்த கட்டங்களைப் பிரித்து, காலியான ஒவ்வொரு கட்டத்திலும் மேலே உள்ளதை நிரப்புங்கள்.

தானாகத் தேதியாக மாறியவற்றைத் தேடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான '10-12' பிரிவு எங்கள் கோப்பில் டிசம்பர் 10 ஆகியிருந்தது. இது நம் பாடு மட்டும் இல்லை. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கித் தொல்லை கொடுத்ததால் 2020-ல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றினார்கள், மார்ச்1 என்பது இப்போது மார்ச்எஃப்1. செஸ்ட் நம்பர் 007 வெறும் 7 ஆகியிருந்தால் அதை எழுத்தாக மாற்றிச் சரிசெய்யுங்கள்.

சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் அதுவும் உதவாது, உள்ளே இருப்பது வெறும் ஆங்கிலக் குறிகள்தான். முதலில் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள், எந்த எழுத்துரு என்று ஷீட்டுக்கு ஷீட் பாருங்கள், ஒரே கோப்பில் இரண்டு இருக்கலாம்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது, தமிழில் வேலை செய்கிறவர்கள் எளிதில் விழும் பொறி. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. 'பொன்னி' என்ற பெயரைத் தேடினால் பாதிப் பொன்னிகள்தான் வந்தார்கள், ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். 'ஸ்ரீ'-க்கும் அடியில் 'ஸ' வைத்து ஒன்று, 'ஶ' வைத்து ஒன்று என இரண்டு உருவம் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பு இருக்கிறது, அதில் என்எஃப்சி முறையில் எல்லாப் பெயர்களையும் ஒருமுறை ஓட்டினால் ஒகரம், ஓகாரம், ஔகாரம் எல்லாம் ஒரே உருவத்துக்கு வந்துவிடும். 'ஸ்ரீ' அதில் மாறாது, தனியாக மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களையும் அப்போதே வெட்டிவிடுங்கள்.

டேட்டாபேஸ் கட்டுவது

ஒரே ஆள் டைப் செய்து, நாலைந்து பேர் பார்ப்பதற்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் போதும். நிறுவ வேண்டிய சர்வர் எதுவும் கிடையாது, டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஒரு கோப்பு. டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எக்செல் மாதிரியே கட்டம் கட்டமாகத் தெரியும். நான்கு மேசையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் போங்கள், எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

எஸ்க்யூலைட்டில் இரண்டு விஷயம் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். ஒன்று, ஃபாரின் கீ கட்டுப்பாடு, அதாவது இல்லாத பள்ளி எண்ணைப் பதிவில் எழுத விடாமல் தடுப்பது, வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும். நான் டேபிளில் எழுதினால் போதும் என்று நினைத்து ஏற்றியதில் 43 பதிவுகள் எந்தப் பள்ளிக்கும் சேராமல் அந்தரத்தில் நின்றன. இரண்டு, எண் பத்தி என்று சொல்லியிருந்தாலும் 'ஆப்சென்ட்' என்று எழுதினால் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிளை ஸ்ட்ரிக்ட் என்று அறிவிக்கலாம், அப்போது மறுத்துவிடும்.

ஏற்றும்போது நேராக மேலே சொன்ன டேபிள்களில் கொட்டாதீர்கள். எல்லாப் பத்தியும் எழுத்தாகவே இருக்கும் ஒரு கச்சா டேபிள் கட்டி, எந்தக் கோப்பு, எந்த ஷீட், எத்தனையாவது வரி என்ற மூன்று பத்தியையும் கூடவே வைத்து, முதலில் அதில் கொட்டுங்கள். அங்கிருந்து பள்ளி, விளையாட்டாளர், மீட், போட்டி, பதிவு, விளைவு என்ற வரிசையில் பிரித்து எடுங்கள். வரிசை முக்கியம், பள்ளி இல்லாமல் பதிவு ஏறாது. அந்த மூன்று பத்திகள் இருந்ததால்தான், 'இது எங்கிருந்து வந்தது?' என்று சார் கேட்டபோதெல்லாம் கோப்பைத் திறந்து வரியைக் காட்ட முடிந்தது.

கட்டுப்பாடுகள் போடும் உற்சாகத்தில் ஒரு தவறு செய்தேன். ஒரு போட்டியில் ஒரே இடம் இரண்டு பேருக்கு வரக் கூடாது என்று போட்டுவிட்டேன், உயரம் தாண்டுதல் ஏற மறுத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்ஷிமும் தம்பேரியும் 2.37-ல் சமமாக நின்று தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்களே! இரண்டு தங்கம், வெள்ளி கிடையாது, அடுத்தவருக்கு வெண்கலம். 1, 1, 3. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ரேங்க் என்ற செயல்பாடு இதே மாதிரிதான் எண் போடும், டென்ஸ் ரேங்க் என்றால் 1, 1, 2 என்று போட்டுவிடும், அதை எடுக்காதீர்கள்.

உயரம் தாண்டுதலுக்கு முயற்சி டேபிள் இல்லாமல் முடியாது. இருவர் 1.55 தாண்டியிருந்தால், அந்த உயரத்தில் யாருக்குத் தவறு குறைவோ அவர் முன்னே, அதுவும் சமம் என்றால் அதுவரை மொத்தத் தவறு யாருக்குக் குறைவோ அவர். நீளம் தாண்டுதலில் சமம் என்றால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். வெறும் இறுதி அளவை மட்டும் எழுதிவைத்தால் ஏன் இவள் இரண்டாவது என்று ஐந்து வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. பழைய கோப்புகளில் முயற்சிகள் இல்லையென்றால் இடத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

சாதனைக்குத் தனி டேபிள் வேண்டாம்

கை துறுதுறுக்கும், போடாதீர்கள். சாதனை என்பது விளைவு டேபிளிலிருந்து கேட்டு வாங்க வேண்டிய பதில். விளைவைப் போட்டியோடும் பதிவோடும் மீட்டோடும் ஜாயின் செய்து, இனம், பிரிவு, பாலினம், எடை, நேர முறை வாரியாகக் குரூப் செய்து, குறைவு நல்லது என்றால் மின், கூடுதல் நல்லது என்றால் மேக்ஸ், காற்று 2.0-க்கு மேல் என்று எழுதப்பட்டவற்றை மட்டும் விலக்கு. காற்று காலியாக உள்ள விளைவுகளை விலக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'காற்று 2.0 அல்லது குறைவு' என்று மட்டும் கேட்டால் காற்று அளக்காத விளைவுகள் ஒன்றுகூட வராது. இந்தக் கேள்வியை ஒரு வியூ ஆக, அதாவது பெயரிட்ட கேள்வியாக, சேமித்துவிட்டால் என்றைக்குத் திறந்தாலும் அன்றைய நிலவரம் இருக்கும். யாரோ ஒரு பழைய விளைவைத் திருத்தினால் சாதனைப் பட்டியலும் தானே திருந்தும்.

சாம்பியன்ஷிப் புள்ளிகளுக்கும் அப்படித்தான், ஒரு விதிவிலக்கோடு. எங்கள் பக்கம் தனிநபர் போட்டிக்கு 5, 3, 1 என்று கொடுப்பது வழக்கம், ஆனால் அமைப்பாளர்கள் மாற்றுவதும் உண்டு. அதனால் எந்த மீட்டில் எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு சின்ன டேபிள் வைத்து, கூட்டலைக் கேள்வியில் செய்யுங்கள்.

சரிபார்ப்பு

ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பெயர்கள், டேபிளில் எத்தனை விளைவுகள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது அடிப்படை. அதைவிட நல்ல சோதனை, ஒவ்வொரு வருடமும் தனிநபர் சாம்பியன் யார், ஒட்டுமொத்தக் கேடயம் எந்தப் பள்ளிக்கு என்று டேட்டாபேஸைக் கேட்டு, அன்று உண்மையில் வாங்கியவரோடு ஒப்பிடுவது. எங்களுக்கு ஒன்பதில் இரண்டு வருடம் பொருந்தவில்லை. ஒன்றில் நான் தொடர் ஓட்டப் புள்ளியைத் தனிநபர் கணக்கில் சேர்த்திருந்தேன். இன்னொன்றில் டேட்டாபேஸ் சொன்னதுதான் சரி, அன்று மேசையில் கூட்டியவர் ஒரு வரியை விட்டிருக்கிறார். சார் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கேடயம் போன இடத்துலயே இருக்கட்டும்பா" என்றார்.

மைதானத்தில்

டேட்டாபேஸ் வந்துவிட்டது என்று எக்செலைத் தூக்கிப் போடாதீர்கள். வெயிலில், தூசியில், கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில், உதவிக்கு வந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்தது எக்செல்தான். நான் ஒரே வடிவிலான ஒரு பதிவு ஷீட் செய்து கொடுத்தேன்: செஸ்ட் நம்பர், அளவு, நிலை, மூன்றே பத்தி. நேரப் பத்தியை எழுத்து வடிவில் பூட்டி, நிலைக்கு டிராப் டவுன் வைத்துவிட்டேன். மாலையில் அதைக் கச்சா டேபிளில் ஏற்றினால் பெயரும் பள்ளியும் செஸ்ட் நம்பரிலிருந்து தானே வரும். முதல் வருடம் பழைய முறையிலும் கூடவே எழுதச் சொன்னேன்.

பேக்கப் எடுக்கும்போது, யாராவது எழுதிக்கொண்டிருக்கையில் கோப்பை அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் வரக்கூடும், எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். கோப்பை ஷேர் செய்த நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு மடிக்கணினியிலிருந்து திறக்க வேண்டாம், கெட்டுப்போகும்.

சந்தேக டேபிளில் கடைசியாக 58 பெயர்கள் மிஞ்சின. அதைப் பிரிண்ட் எடுத்துச் சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவால் ஒவ்வொன்றாகப் போனார். "இது ரெண்டும் ஒரே பய, பத்தாவதுல ஸ்கூல் மாறுனான். இது வேற, இவ அக்கா. இவன்கிட்ட நம்பர் இருக்கு, இரு கேக்கறேன்" என்று போனை எடுத்தார். இப்போது ஏழு மிச்சம்.